ஊற்றுக்கண்: கருங்கல்லில் நீர் தேடிய வரலாறு



'ஊற்றுக்கண்' என்று தமிழில் ஒரு சொல் உண்டு. கிணறு வெட்டுகிறவர்கள் பாறையைத் தோண்டிக்கொண்டே போகும்போது, எங்கோ ஓரிடத்தில் கல்லின் இடுக்கிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த இடுக்குக்கு நம் முன்னோர் வைத்த பெயர்தான் ஊற்றுக்கண். கண் திறந்துகொண்டது என்பார்கள். கண் அடைத்துப் போயிற்று என்றும் சொல்வார்கள். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் சேலம், திருச்சிராப்பள்ளி, வட ஆற்காடு, கோயம்புத்தூர் ஆகிய மாவட்டங்களிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள். அவர்கள் விட்டு வந்த மண்ணில் இரண்டு கடப்பாரை ஆழம் போனாலே பாறை தட்டும். அந்தப் பாறைக்குள் தண்ணீர் எப்படி இருக்கிறது, அதை மனிதர் எப்படித் தேடினார்கள், தேடிக் கண்ட பிறகு என்ன ஆயிற்று என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

நம் வீட்டு ஆட்டுக்கல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் குழியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி வைத்தால் அது கல்லுக்குள் ஊறி மறைந்துவிடுகிறதா? இல்லை. வெயிலில் காய்ந்து வற்றினால்தான் உண்டு. கருங்கல்லின் உடலுக்குள் நீர் புக இடமில்லை. நூறு படி கருங்கல்லில் நீர் தங்கக்கூடிய நுண்ணிய இடைவெளிகளை எல்லாம் ஒன்றுசேர்த்தாலும் பெரும்பாலும் ஒரு படிகூடத் தேறாது. மணலின் கதை வேறு. மணலில் கால் பங்குக்கு மேல் வெற்றிடம்தான். அதனால்தான் ஆற்றங்கரையில் கையால் தோண்டினாலே நீர் சுரக்கிறது.

அப்படியானால் கருங்கல் மலைகளிலிருந்து நீர் எப்படி வருகிறது? இந்த நாட்டிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. மலையைக் குடைந்து சாலை போட்ட இடங்களில், மழை ஓய்ந்து பல நாளான பிறகும் வெட்டிய கருங்கல் முகத்தில் ஒரு கோடு மட்டும் ஈரமாக மின்னிக்கொண்டிருப்பதைப் பேருந்தில் போகும்போது கவனித்திருப்பீர்கள். சுற்றியுள்ள கல் காய்ந்திருக்கும். அந்தக் கோட்டில் மட்டும் பாசி படர்ந்திருக்கும். அது ஒரு விரிசல். கோலாலம்பூரை அடுத்த செலாயாங்கில் வெந்நீர் ஊற்றெடுப்பதும், சிங்கப்பூரில் செம்பவாங்கில் 1909-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஊற்றில் ஏறத்தாழ 70 டிகிரி சூட்டில் நீர் வருவதும் இதே வழியால்தான். மழைநீர் கருங்கல்லின் விரிசல் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு, வேறொரு விரிசல் வழியே மேலேறி வருகிறது.

மலாயாவின் நடுமலைத் தொடரிலுள்ள கருங்கல்லுக்கு வயது சுமார் 20 கோடி ஆண்டு. தமிழ்நாட்டின் பாறைகளோடு ஒப்பிட்டால் இது குழந்தை. அங்கே பெரும்பகுதிப் பாறைகள் 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு அடியில் இத்தகைய கடும்பாறைதான் இருக்கிறது. அவற்றில் ஒரு வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தாவில் கும்பினி வணிகத்தை நிலைநாட்டிய ஜாப் சார்னோக் என்பவருக்கு அங்கே ஒரு கல்லறை உண்டு. அதற்குரிய கல் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்திலிருந்து போனது. 1893-இல் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ந்து, கல்லறைக்கு உரியவரின் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர் என்பது நமக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

இத்தனை பழைய பாறை மண்ணுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மேலே மண். அதன் கீழே மழையும் வெயிலும் காலங்காலமாக அரித்து உக்கிப்போன பாறை. கையால் நசுக்கினால் உதிரும். இது பஞ்சு போல நீரை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே கெட்டிப் பாறை. அந்தக் கெட்டிப் பாறையிலேதான் விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பூமிக்குள் ஏற்பட்ட அழுத்தத்தால் சில உண்டாயின. மேலிருந்த பாரம் அரித்துப் போனதும் பாறை நிமிர்ந்து வெடித்ததால் சில உண்டாயின. ஆழம் போகப் போக, மேலுள்ள சுமை அழுத்துவதால் விரிசல்கள் பொதுவாகக் குறைகின்றன, இருப்பவையும் இறுகிவிடுகின்றன. ஆக, உக்கிய பாறை தண்ணீர்த் தொட்டி, விரிசல்கள் குழாய்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டி காலியானால் குழாய் எத்தனை நீளம் இருந்தாலும் பயனில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விரிசலின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் நீர் இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. பத்து மடங்கு அகலமானால் ஆயிரம் மடங்கு. அதாவது ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே விரிசல், அதில் பத்திலொரு பங்கு அகலமுள்ள ஆயிரம் விரிசல்களுக்குச் சமம். இந்த விதி உண்மையான பாறை விரிசலுக்கும் பொருந்துகிறதா என்று விதர்ஸ்பூன் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, 1980-இல் வெளியிட்டார்கள். ஒரு தோட்டத்துக் கிணற்றில் நீர் கொட்டுவதும், இருபது அடி தள்ளி வெட்டிய கிணறு வெறுங்குழியாகப் போவதும் எதனால் என்பது இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

சங்க நூல்களில் கிணற்றுக்குக் 'கூவல்' என்று பெயர். வறண்ட நிலத்தில் கல்லை உடைத்துக் கூவல் தோண்டுவது அன்றைக்கே பழகிய தொழில்தான். வடமொழியில் வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்கிதையில் நிலத்தடி நீரைக் கண்டறிவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மனித உடம்பில் நரம்புகள் ஓடுவது போலப் பூமிக்குள்ளும் நீர் நாளங்கள் ஓடுகின்றன என்பது அவர் கொள்கை. இன்ன மரத்துக்கு அருகே கறையான் புற்று இருந்தால் இத்தனை ஆள் ஆழத்தில் நீர் உண்டு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் சொன்ன அளவுகளையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் நிலத்தடி நீர் எங்கும் பரவிய ஏரியாக இல்லாமல் நாளங்களில் ஓடுகிறது என்று எண்ணினாரே, கடும்பாறை நாட்டுக்கு அது நல்ல பார்வை. வேர் ஆழமாக இறங்கும் மரமும் ஈரம் தேடும் கறையானும் விரிசலின் மேலே அமைவதில் வியப்பும் இல்லை.

கையில் கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டோ, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டோ நிலத்தில் நடந்து நீர் பார்ப்பவர்களையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். குச்சிக்கும் தேங்காய்க்கும் நீரை அறியும் ஆற்றல் இருப்பதாகச் சோதனைகள் காட்டவில்லை. ஆயினும் பல ஊர்களில் பல கிணறுகளைப் பார்த்துப் பழகிய ஒரு முதியவர், நிலத்தின் சரிவையும் கல்லின் போக்கையும் கண்டு சரியாகச் சொல்லிவிடுவதும் உண்டு. பெருமை அவர் கண்ணுக்குரியது. குச்சி அதைத் தட்டிப் பறித்துக்கொண்டது என்றே நாம் சொல்வோம்.

கல் உடைத்துக் கிணறு வெட்டிய தொழிலாளிகளின் அறிவு இவற்றையெல்லாம் விடப் பெரியது. அவர்கள் வெட்டிய கிணறுகள் வீடு ஒன்றை உள்ளே இறக்கிவிடலாம் போன்ற அகலம். இத்தனை பெரிய குழி எதற்கு? விரிசலிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இரவு முழுவதும் வருவதைச் சேர்த்து வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். மேலும் அகலமாக வெட்டினால் அதிக விரிசல்கள் கிணற்றுச் சுவரில் வந்து திறக்கும். போதாவிட்டால், கிணற்றின் அடியில் நின்றுகொண்டு பக்கவாட்டில் பாறையைத் துளைப்பார்கள். செங்குத்தான விரிசலை மேலிருந்து துளைத்தால் தவறவிடலாம்; பக்கவாட்டில் துளைத்தால் அதைக் குறுக்கே வெட்டிவிடலாம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் இந்தப் பக்கத்துளைகளை நிறையக் காணலாம். இந்த வேலையில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். வெடிமருந்து வைத்துவிட்டு மேலே ஏறுவதற்குள் உயிர் விட்டவர்களும் அவர்களில் உண்டு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் பெரும் பஞ்சம் வாட்டியது. ஐம்பது லட்சம் உயிர்களுக்கு மேல் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். மானாவாரி நிலத்தை நம்பியிருந்த சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காட்டுக் குடும்பங்கள் நொறுங்கிப் போயின. கடல் கடந்து போனால் பிழைக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றியதில் அந்தப் பஞ்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கம் கிணறு வெட்டுவதற்குக் கடன் கொடுக்க முன்வந்தது. அதற்காக 1883-இல் நில அபிவிருத்திக் கடன் சட்டம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 1882-இல், வேறொரு சட்டம் வந்திருந்தது. அதன் பெயர் வசதியுரிமைச் சட்டம். ஒருவன் தன் எல்லைக்குள் பூமிக்கடியில் கிடைக்கும் நீரை, அது தெளிவான ஒரு கால்வாயில் ஓடாத வரை, தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்லிற்று. அன்றைக்கு அதனால் யாருக்கும் கெடுதல் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதற்கு மாட்டைக் கேட்க வேண்டும்.

அக்காலத்தில் கிணற்றிலிருந்து நீர் இறைத்தது கவலை. ஒரு தோல் சால், நீண்ட வடம், இரண்டு காளைகள். காளைகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். பின்னோக்கி ஏறும்போது கீழே போகும். விடியற்காலையில் பூட்டினால் வெயில் ஏறுவதற்குள் மாடு களைத்துவிடும். மாடு நின்றால் இறைப்பும் நின்றது. அந்த இடைவேளையில் ஊற்றுக்கண் தன் போக்கில் சுரந்து கிணற்றை மறுபடி நிரப்பிற்று. பாறை எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவையே மாட்டால் எடுக்க முடிந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு இல்லை. ஆனாலும் இப்படி ஓர் அளவு தானாகவே அமைந்திருந்தது.

களைப்பு அறியாத இயந்திரம் வந்ததும் அந்த அளவு உடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியலாளர் சென்னை மாகாணத்தில் எண்ணெய் இயந்திரத்தால் நீர் இறைப்பதைப் பரப்பினார். 1932-இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர் வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து அந்த ஊரிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் அதுதான். உள்ளூரிலேயே மோட்டாரும் பம்பும் கிடைத்ததும் காளைகள் கவலையிலிருந்து விடுதலை பெற்றன. கிணறுகள் ஆழமாகத் தொடங்கின.

அடுத்த மாற்றம் 1967-இல் வந்தது. 1966, 1967 ஆண்டுகளில் பீகாரிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் மழை பொய்த்துக் குடிநீருக்கே பஞ்சம் வந்தபோது, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெப், கடும்பாறையைத் துளைக்கும் புதிய இயந்திரங்களை இந்தியாவுக்குத் தருவித்தது. முந்திய இயந்திரங்கள் கனமான உளியைக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போட்டன. கருங்கல்லில் ஒரு துளை போட வாரக்கணக்கில் ஆகும். புதிய இயந்திரத்தில் சம்மட்டியே துளைக்குள் இறங்குகிறது. மேலே கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்ப, துளையின் அடியிலிருக்கும் சம்மட்டி விடாமல் பாறையை அடிக்கிறது. அதே காற்று தூளை மேலே ஊதித் தள்ளுகிறது. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது.

போர் போடும் இடத்தில் ஊரே கூடி நிற்கும். முதலில் மண்ணின் நிறத்தில் தூள் வரும். பிறகு மாவு போன்ற வெள்ளைத் தூள். அது வந்துகொண்டே இருந்தால் கூடியிருப்பவர்களின் முகம் வாடும். கெட்டிப் பாறையில் விரிசல் அகப்படவில்லை என்று பொருள். திடீரென்று தூள் ஈரமாகிச் சேறாக வரும். இன்னும் சில அடியில் காற்றோடு நீர் பீறிட்டு எழும். பிள்ளைகள் அதில் குதித்து நனைவார்கள். மண்ணுக்கு அடியில் முந்நூறு அடியில் இருந்தாலும் அதுவும் ஊற்றுக்கண்தான். பார்க்க இறங்க முடியாத கண்.

துளை போட்டாயிற்று, நீரை மேலே கொண்டுவருவது எப்படி? வார்ப்பிரும்பில் செய்த அடிபம்புகளை வைத்தார்கள். அவை வெளிநாட்டில் ஒரு குடும்பம் நாளைக்குச் சில வாளி இறைத்துக்கொள்வதற்காக உருவானவை. இங்கே ஒரு பம்பில் ஊரே இறைத்தது. 1974-இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது நான்கில் மூன்று பங்கு பம்புகள் வேலை செய்யாமல் நின்றன. மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் சமயத் தொண்டு நிறுவனங்களைச் சேர்ந்த சிலர் எஃகினால் உறுதியான பம்புகளைத் தாங்களே செய்து வைத்திருந்தனர். அவற்றை அடிப்படையாகக் கொண்டு யுனிசெப்பும் இந்தியப் பொறியியலாளர்களும் ஒரு புதிய பம்பை உருவாக்கினார்கள். கோயம்புத்தூர் அருகே கிராமங்களில் 1976, 1977 ஆண்டுகளில் அதைச் சோதித்தார்கள். சென்னையிலுள்ள ரிச்சர்ட்சன் குரூடாஸ் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. இதுதான் 'இந்தியா மார்க் 2' பம்பு. கைப்பிடியின் உள்ளே ஒரு சங்கிலியும் குண்டுத் தாங்கியும் இருக்கும். 150 அடி ஆழத்திலிருந்து சிறு பெண்ணும் நீர் இறைக்கலாம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பம்புகள் இந்தியாவில் நிறுவப்பட்டன, ஆப்பிரிக்காவுக்கும் போயின.

நமது தோட்டங்களில் லயத்துக் கோடியிலிருந்த ஒரே குழாயின் முன் வாளிகளை வரிசையில் வைத்துக் காத்திருந்த தாய்மார்களுக்கு, அந்தப் பம்பின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. படிக்கட்டுக் கிணறுகளில் காலை வைத்து இறங்கி நீர் மொண்டபோது நரம்புச் சிலந்தி என்னும் கொடிய புழுநோய் பரவிற்று. துளைக்கிணற்று நீருக்கு மாறியது அந்த நோய் ஒழிய முக்கியமான காரணங்களில் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை அந்நோய் இல்லாத நாடாக அறிவித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அடிபம்பு நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து லிட்டர்தான் கொடுக்கும். மெல்லிய விரிசலே அதற்குப் போதும். மாட்டைப் போலவே மனிதக் கையும் களைத்துப் போகும். ஆதலால் அடிபம்பு பாறையை வற்றச் செய்யவில்லை.

ஆனால் குடிநீருக்காக வந்த அதே துளைக் கருவி வயலுக்கும் போயிற்று. சேலத்துக்கு அருகேயுள்ள திருச்செங்கோடு போர் வண்டிகளின் தலைநகரமாகவே ஆகிவிட்டது. அந்த ஊர் வண்டிகளும் ஆட்களும் இந்தியா முழுவதும் போய், ஆப்பிரிக்க நாடுகளிலும் துளை போடுகிறார்கள். துளைக்குள்ளேயே இறங்கி ஓடும் நீர்மூழ்கி மோட்டார்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. களைப்பு இல்லாத மோட்டாருக்குக் கட்டணமும் இல்லை என்றானது.

இங்கே, பாறைக்குள் விரிசல்கள் எவ்வாறு இணைந்திருக்கின்றன என்று மற்றொரு நாட்டில் கண்டதைச் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டில் ஸ்டிரிப்பா என்ற பழைய இரும்புச் சுரங்கம் உண்டு. அணுமின் நிலையக் கழிவைக் கருங்கல்லுக்குள் புதைத்தால் நீர் அதைத் தொட்டுக் கரைத்து வெளியே கொண்டுவருமா என்று அறிய, 1977 முதல் 1992 வரை அங்கே பல நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். நம்மவர்கள் விரிசலைத் தேடினார்கள். அவர்களோ விரிசல் இல்லாத கல்லைத் தேடினார்கள். சுரங்கக் கூரை முழுவதும் பிளாஸ்டிக் தாள்களை ஒட்டி, எங்கே எவ்வளவு சொட்டுகிறது என்று அளந்தார்கள். மேலே பாறைக்குள் சாயம் கலந்த நீரைச் செலுத்தி, அது எங்கே வந்து சேர்கிறது என்றும் பார்த்தார்கள். பெரும்பாலான தாள்கள் காய்ந்தே இருந்தன. சில இடங்களில் மட்டும் நீர் கொட்டிற்று. ஆயிரக்கணக்கான விரிசல்கள் இருந்தாலும், ஒன்றோடொன்று இணைந்து நீரைக் கடத்துபவை சிலவே. விரிசலுக்குள்ளும் நீர் முழுப் பரப்பிலும் ஓடுவதில்லை. சில தடங்களைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

இப்போது தமிழ்நாட்டு வயலுக்குத் திரும்புவோம். ஒருவர் நிலத்தில் முந்நூறு அடித் துளை ஒரு நல்ல விரிசலைத் தொடுகிறது. அந்த விரிசல் வேலியோடு நிற்பதில்லை. பக்கத்து நிலத்தில் நாற்பது அடி ஆழமுள்ள திறந்த கிணற்றின் ஊற்றுக்கண்ணும் அதே வலையைச் சேர்ந்ததாக இருக்கலாம். துளையில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் நீர் தாழ்ந்த பக்கம் இழுக்கப்படுகிறது. பக்கத்துக்காரரின் கண் அடைத்துவிடுகிறது. அவர் என்ன செய்வார்? நகையை அடகு வைத்து நானூறு அடி போடுவார். முதலாமவர் ஐந்நூறு போடுவார். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இன்று ஆயிரம் அடியையும் தாண்டிய துளைகள் உண்டு. ஆழத்தில் விரிசல் குறைவு, இருப்பதும் இறுகியது என்று முன்னரே சொன்னோம். ஆழத் துளை பல வேளைகளில் புதுத் தண்ணீரைக் கண்டுபிடிப்பதில்லை. மேலே உக்கிய பாறையில் இருந்ததையே கீழ்வழியாக இழுத்துக்கொள்கிறது. தொட்டி ஒன்றுதான்.

அந்தத் தொட்டியை நிரப்புவன மழையும் ஏரிகளும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு. பாசன ஏரியின் அடியில் கசியும் நீர் வீண் என்று ஒரு காலத்தில் நினைத்தவர்கள் உண்டு. கரைக்குக் கீழேயுள்ள கிணறுகளில் கோடையிலும் நீர் நின்றது அந்தக் கசிவினால்தான். கிணற்றையும் மோட்டாரையும் நம்பத் தொடங்கிய பின் ஏரியைத் தூர் வாரும் அக்கறை தளர்ந்தது. தூர்ந்த ஏரி பாறைக்கு நீரைக் கொடுப்பதும் குறைந்தது.

1882-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தின் மேல் கோடு கிழித்து உரிமை சொல்கிறது. விரிசலுக்கு அந்தக் கோடு தெரியாது. தமிழ்நாட்டு அரசு 2003-இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. கிணறு வற்றிய சிறு விவசாயி வழக்குமன்றம் போனாலும், பூமிக்கடியில் எந்த விரிசல் எதோடு சேர்ந்திருக்கிறது என்று மெய்ப்பிப்பது எளிதன்று. பணமுள்ளவர் ஆழம் போகிறார். இல்லாதவர் நிலத்தை விட்டுத் திருப்பூர்ப் பக்கம் கூலிக்குப் போகிறார். ஊரை விட்டுக் கிளம்பிய நம் பாட்டன்மாரின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

நீர் அகப்படாத துளைகளோ மூடப்படாமல் கிடக்கின்றன. அவற்றில் குழந்தைகள் விழுந்த செய்திகள் வந்தபடி இருந்ததால், 2010-இல் இந்திய உச்ச நீதிமன்றம் கைவிட்ட துளைகளை மூட வேண்டுமென்று விதிமுறைகள் வகுத்தது. அப்படியும் 2019 அக்டோபரில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அத்தகைய துளைக்குள் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி எட்டிவிடலாம் என்று பெரிய இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். கடும்பாறை அவற்றை மெதுவாகவே உள்ளே விட்டது. நான்கு நாள் போராடியும் குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை.

ஆழத்து நீருக்கு மற்றொரு குணமும் உண்டு. விரிசலில் மெல்ல ஊர்ந்து நெடுங்காலம் கல்லோடு தொடர்பு கொண்ட நீர், கல்லிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. அவற்றில் ஒன்று புளோரைடு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பற்களில் பழுப்புக் கறை படியும். இன்னும் மிகுந்து, பல்லாண்டு குடித்தால் எலும்பு இறுகி முதுகு வளைந்துவிடும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோய் பரவியிருந்ததை மருத்துவர்கள் 1937-இல் எழுதி வெளியிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இந்தத் துன்பம் மிகுதி. உங்கள் குடும்பத்துப் பழைய தாள்களில் 'சேலம் ஜில்லா' என்று எழுதியிருந்தால் அது இந்த ஊர்களாகவும் இருக்கலாம். தருமபுரி 1965 வரை சேலத்தோடுதான் இருந்தது. தெளிந்து சில்லென்று வரும் நீரில் இந்த நஞ்சு கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது. ஊற்றுக்கண்ணை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போவதே வழி என்று முடிவாயிற்று. ஜப்பானியக் கடனுதவியோடு, காவிரி நீரை ஒகேனக்கல்லிலிருந்து குழாய்களில் அவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுபோகும் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

பழைய பெருங்கிணறுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கொங்கு நாட்டில் பலவற்றுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. ஆழ்துளையில் மோட்டார் சிறிது நேரம் ஓடினால் நீர் நின்றுவிடும். இடைவெளி விட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அந்த மெல்லிய நீரை வாய்க்காலில் விட்டால் பாத்தி வரை போய்ச் சேராது. ஆகையால் பாட்டனார் வெட்டிய வறண்ட கிணற்றுக்குள் இரவெல்லாம் அதை விட்டுச் சேர்த்து வைத்து, விடிந்ததும் இன்னொரு மோட்டாரால் இறைத்து வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். கிணற்றுச் சுவரில் அந்தக் காலத்து உளித் தடங்களும், பக்கத்துளைகளின் வாயும் அப்படியே தெரிகின்றன.